காத்திருப்பின் சுமை: தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசிப் பணியும் மக்கள் பட்டறிவும் (2021)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற கொரோனா தடுப்பூசிப் பணியைப் பற்றிப் பேசுவோர் ‘மக்களின் தயக்கம்’ என்னும் தொடரையே முதன்மையாகக் கையாளுகின்றனர். அவ்வாண்டின் நிகழ்வுகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், தயக்கத்துக்கு நிகராகக் காத்திருப்பும் மக்களை அலைக்கழித்தது என்பது புலப்படும். தடுப்பூசி என்னும் பொருளின் இயல்பும் அதனை வழங்கிய முறையும் சேர்ந்து இக்காத்திருப்பை உருவாக்கின. காத்திருக்கும் சுமையை மக்கள் சுமந்தபோது சலிப்பும், அதனை அரசு ஏற்றுக்கொண்டபோது ஆறுதலும் பிறந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கொரோனா, தடுப்பூசி, அம்மைப்பால், தட்டுப்பாடு, கோவின், செங்கல்பட்டு, சிறப்பு முகாம்.

முன்னுரை

தடுப்பூசியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவோ எதிர்த்தவர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. போட்டுக்கொள்ள விரும்பி, விடியலில் எழுந்து சென்று, வரிசையில் நின்று, வெறுங்கையுடன் திரும்பியவர்களின் வரலாறு அதில் இடம்பெறுவது அரிது. அவர்கள் எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை, விண்ணப்பமும் எழுதவில்லை. ஆதலால் ஆவணங்களில் அவர்களுக்குத் தடம் குறைவு. அரசாணைகள், நீதிமன்ற ஆணை, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட புள்ளிவிவரங்கள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றோடு கட்டுரையாளரின் நேரடிப் பட்டறிவும் இங்குச் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளது. 18 முதல் 44 வயதுக்குட்பட்டோர் என்று அரசு வகுத்த பிரிவில் கட்டுரையாளரும் ஒருவர்.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே குறிப்பிட வேண்டும். கொரோனா தடுப்பூசியின் இரு வேளைகளும் தமிழில் ‘முதல் தவணை’, ‘இரண்டாம் தவணை’ என்றே வழங்கின. கடனையும் சீட்டையும் சார்ந்து புழங்கிய சொல் அது. தவணை என்றால் கெடு உண்டு. கெடு தவறினால் அச்சம் உண்டு. இச்சொல்லைத் தேர்ந்தவர் எவராயினும், அவ்வாண்டின் மனநிலையை அது பிழையின்றிச் சுமந்தது.

அம்மைப்பாலும் எட்டாம் நாளும்

இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பு முறை 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றிடமிருந்து தொடங்கிற்று. அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த வழிதான் கருதத்தக்கது. குளிரூட்டும் வசதி இல்லாத அக்காலத்தில், அம்மை குத்தப்பட்ட குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் எடுக்கப்படும் நீரே அடுத்த குழந்தைக்கு மருந்தாயிற்று. அந்நீரைத் தமிழ் மக்கள் அம்மைப்பால் என்றனர். எட்டாம் நாள் அக்குழந்தையை மீண்டும் அழைத்து வர வேண்டும். பெறுவதற்கு வேறொரு குழந்தை அங்கே காத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

குழந்தையின் கையை மீண்டும் கீறுவதைப் பெற்றோர் விரும்பாததில் வியப்பில்லை. அதிகாரிகளோ இதனை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டனர். எட்டு நாள் கழித்து ஒரு நாள் கூலியை இழந்து நடந்து வர வேண்டிய கட்டாயம் அக்கணக்கில் எளிதில் மறைந்துபோகும்.

பிற்காலத்தில் கன்றுகளின் உடலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் இச்சங்கிலியிலிருந்து குழந்தைகளை விடுவித்தது. ஆனால் வெயில் அதனைக் கெடுத்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிங், ஆட்டு மயிர்க் கொழுப்பாகிய லானோலினில் அதனைக் குழைத்து வெப்பத்தைத் தாங்கச் செய்யும் முறையைக் கையாண்டார். கிண்டியில் இன்றும் இயங்கும் கிங் நோய்த்தடுப்பு நிறுவனம் அவர் பெயரைத் தாங்குவது. 2020-இல் தமிழ்நாட்டின் தொடக்ககாலக் கொரோனா பரிசோதனைகள் நடைபெற்ற இடமும் அதுவே.

தயக்கத்தின் மாதங்கள்

கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரு தடுப்பூசிகளுக்கும் 2021 ஜனவரி 3-இல் அவசரகால ஒப்புதல் வழங்கப்பட்டது. ஜனவரி 16-இல் நாடு முழுவதும் பணி தொடங்கிற்று. தமிழ்நாட்டில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதனைத் தொடங்கி வைத்தார். முதலில் மருத்துவப் பணியாளர்கள், பின்னர் முன்களப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோரும் இணைநோய் உள்ள 45 வயது கடந்தோரும், ஏப்ரல் 1 முதல் 45 வயது கடந்த அனைவரும் என்று வரிசை வகுக்கப்பட்டது.

இம்மாதங்களில் தயக்கம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கோவாக்சினின் மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வெளிவருமுன்பே ஒப்புதல் அளிக்கப்பட்டமையால், மார்ச் இரண்டாம் வாரம் வரை அதனைப் போட்டுக்கொள்வோர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. மருத்துவர்கள் சிலரே தயங்கியபோது பிறர் தயங்கியதைக் குறை கூற இயலாது. ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் மக்களை ஊக்குவிக்கும் நோக்கில் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்புக்கு உள்ளாகி, 17-ஆம் நாள் விடியற்காலையில் காலமானார். இதயக் குழாய் அடைப்பே காரணம், தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே விளக்கினர். பின்னாளில் நடுவண் குழுவின் ஆய்வும் அதனையே உறுதிசெய்தது. ஆயினும் அந்த இரு நாள்களின் அடுத்தடுத்த காட்சிகள் எந்த விளக்கத்தைக் காட்டிலும் விரைவாகப் பரவின.

இத்தகைய ஐயம் படிப்பறிவற்றோரின் இயல்பு என்று கருதுவோர்க்கு 1955-ஐ நினைவூட்டலாம். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெருந்திரளான மக்களுக்குப் போடும் திட்டத்தை அவ்வாண்டு கடுமையாக எதிர்த்துச் சிறு நூலே வெளியிட்டவர் இராசாசி. முந்தைய ஆண்டு வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவர். அவருடைய வாதம் முழுவதும் ஏற்கத்தக்கதன்று. எனினும், ‘நலமாயிருக்கும் உடலில் இதனை ஏன் செலுத்த வேண்டும்’ என்ற வினா இங்குப் பொதுவாழ்வின் உச்சியிலிருந்தும் எழுந்திருக்கிறது.

தயக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து உண்டு. கோவாக்சினில் தொடக்கத்தில் 20 பேருக்கான குப்பிகளும் வந்தன. திறந்த குப்பியை நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆள் வராவிடில் மிஞ்சியது வீணாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியான விவரப்படி, ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் வீணான அளவு 12.10 விழுக்காடு, நாட்டிலேயே மிகுதி. இவ்விழுக்காட்டை மனத்தில் இருத்திக்கொண்டே அடுத்த மாதங்களைக் காண வேண்டும்.

தட்டுப்பாட்டின் மாதங்கள்

இரண்டாம் அலை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மே மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36,000-ஐக் கடந்தது. ஒவ்வொரு தெருவிலும் இறப்பு நேர்ந்தது. நேற்று வரை ஒதுங்கி நின்றவர்கள் தடுப்பூசியைத் தேடி வந்தனர். அப்போது தடுப்பூசி இல்லை.

மே 1 முதல் 18 வயது கடந்தோர்க்கும் தடுப்பூசி என்று அறிவித்த ஒன்றிய அரசு, அப்பிரிவினருக்கான மருந்தை மாநிலங்களே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. ஒரே மருந்துக்கு ஒன்றிய அரசுக்கு ஒரு விலை, மாநிலத்துக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு ஒரு விலை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூன்றரைக் கோடித் தவணைகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் மே 31-ஆம் நாளிட்ட ஆணையில், 18–44 வயதினரைப் பொறுத்த இக்கொள்கை முதல்நோக்கில் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று கருத்துரைத்தது.

விலைக் கொள்கையைக் காட்டிலும் மக்களை அன்றாடம் அலைக்கழித்தது ‘கோவின்’ என்னும் இணையவாயில். 18–44 வயதினர் அதில் முன்பதிவு செய்தாலன்றி ஊசி பெற இயலாது என்ற விதி மே 24 வரை நீடித்தது. கைப்பேசி எண்ணை இட வேண்டும்; ஒருமுறைக் கடவெண் வர வேண்டும்; அது மூன்று நிமிடங்களில் காலாவதியாகும். வந்து சேர்ந்த பின் அஞ்சல் குறியீட்டை இட்டால் மாவட்டம் முழுவதும் ‘பதிவு முடிந்தது’ என்று சிவப்பு நிறத்தில் தோன்றும். இளம் நிரலாளர்கள் சிலர் இடம் திறக்கும் நொடியிலேயே டெலிகிராம் வழியே அறிவிக்கும் கருவிகளை உருவாக்கினர். அவை உதவிதான், ஆனால் யாருக்கு? கையில் திறன்பேசியும் தடையற்ற இணையமும் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் திரையைப் பார்த்திருக்க இயன்றவர்க்கு. இணைய வசதியற்றோர் இவ்வாறு விலக்கப்படுவதையும் மேற்கண்ட ஆணை சுட்டியது.

போடாத ஊசிக்குப் ‘போடப்பட்டது’ என்று குறுஞ்செய்தி பெற்றவர்களும் உண்டு. முன்பதிவு செய்துவிட்டு ஊசி பெறாமல் திரும்பியோர் பெயரும் போட்டுக்கொண்டோர் கணக்கில் ஏறியது. அதனைத் தடுக்கவே மே 8 முதல் நான்கு இலக்கக் குறியெண் முறை வந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகள் பலவற்றில் அவ்வாயில் திறக்கப்பட்டபோது அவற்றுள் தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தபின் தமிழ் சேர்க்கப்பட்டது. சில நாள்களில் தீர்ந்த சிக்கல்தான். எனினும், நோய் உச்சத்தில் இருந்த வாரங்களில் தமிழ் மட்டுமே அறிந்தவர் பிறரை நாடியே தம் பெயரைப் பதிய வேண்டியிருந்தது என்பது பதிவுசெய்யத்தக்கது.

இரண்டாம் தவணையின் இடைவெளி இரண்டு முறை மாறியது. கோவிஷீல்டுக்கு முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச் 22 முதல் 6 முதல் 8 வாரம். மே 13 முதல் 12 முதல் 16 வாரம். இடைவெளி மிகுந்தால் நோயெதிர்ப்பு மிகும் என்பதற்கு அறிவியல் சான்று இருந்தது. ஆயினும் தட்டுப்பாட்டின் நடுவே வந்த அறிவிப்பை, கையிருப்பு இல்லாமையை மறைக்கும் உத்தியாகவே மக்கள் கண்டனர். மார்ச் இறுதியில் முதல் தவணை பெற்ற முதியோர், மே நடுவில் கெடு வந்ததென்று சென்று, ‘இன்னும் நாளாகவில்லை’ என்று திருப்பியனுப்பப்பட்டனர். கோவாக்சின் பெற்றவர்க்கோ இடர் வேறு: நான்கு வாரம் கழிந்தும் அம்மருந்து வரவில்லை, கோவிஷீல்டு இருந்தாலும் அதனை மாற்றிப் போட விதி இடந்தரவில்லை. கருவுற்ற பெண்களுக்கு ஜூலை 2 வரை அனுமதியே இல்லை.

கட்டுரையாளர் சென்ற முகாம் ஒரு தொடக்கப் பள்ளியில் நடைபெற்றது. விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் மனிதரைவிடக் கற்களும் செருப்புகளும் மிகுந்திருந்தன. மண்ணெண்ணெய்க்கும் குழாய்த் தண்ணீருக்கும் இடம்பிடித்துப் பழகிய கைகள் ஊசிக்கும் அவ்வாறே இடம்பிடித்திருந்தன. ஒன்பது மணிக்கு 100 அடையாளச் சீட்டுகள் என்றனர். பத்து மணிக்கு 50 பேருக்கான மருந்தே வந்துள்ளது என்றனர். இரண்டாம் முறை சென்றபோது மருந்து இருந்தது. ஆனால் மாலை நேரமாதலின் எஞ்சி நின்றோர் ஆறு பேர். பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்க இயலாது என்று செவிலியர் கூறினார். வீணாகும் அளவைக் குறைக்க வேண்டும் என்ற மேலிடக் கட்டளை அவரைக் கட்டியிருந்தது. ஆறு பேரும் தெருவில் இறங்கி நான்கு பேரைத் தேடினோம்; இருவரே கிட்டினர். முகாம் முடிந்தது. எட்டாம் நாள் மற்றொரு குழந்தைக்காகக் காத்திருந்த 1802-ஆம் ஆண்டுத் தாயை அன்றுதான் கட்டுரையாளர் சரியாகப் புரிந்துகொண்டார். தடுப்பூசி தனியொருவருக்கு வழங்கப்படும் பொருள் போலத் தோன்றினும், அதன் அலகு கூட்டமே.

மூன்றாம் முறை கிடைத்தது. அன்றிரவு காய்ச்சல் வந்தபோது வீட்டார் மகிழ்ந்தனர் என்பது விந்தையாகத் தோன்றலாம். காய்ச்சல் வந்தால் ஊசி வேலை செய்கிறது என்பது அன்று பரவியிருந்த நம்பிக்கை. வராதவர்கள் தமக்குச் செலுத்தியது மருந்துதானா என்று ஐயுற்றனர்.

செங்கல்பட்டு

இத்தட்டுப்பாட்டுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அது பெரிதும் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தில் தொடங்கி, பின்னர் முத்தடுப்பு ஊசி மருந்து வரை உற்பத்தி செய்தது. கிண்டியில் 1948-இல் அமைந்த ஆய்வகம் பி.சி.ஜி. தடுப்பூசியை நாட்டுக்கே வழங்கியது. 2008 ஜனவரியில் இவ்விரண்டின் உரிமங்களும் இமாசலப் பிரதேசக் கசௌலி நிறுவனத்தின் உரிமத்தோடு சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டன. நல்ல உற்பத்தி நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பது கூறப்பட்ட காரணம். குறை உண்மையாகவே இருக்கலாம். குறையைச் சீர்செய்யாமல் உலையை அணைத்தது ஏன் என்பதே வினா. 2010-இல் தடை விலக்கப்பட்டபோது நாட்டின் தடுப்பூசித் தேவை தனியார் நிறுவனங்களின் கைக்குப் பெரிதும் சென்றுவிட்டிருந்தது.

இவ்விழப்புக்கு ஈடாகச் செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கர் பரப்பில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றை ஒன்றிய அரசின் எச்.எல்.எல். பயோடெக் நிறுவனம் எழுப்பியது. ஏறத்தாழ 600 கோடி ரூபாய்த் திட்டம். கட்டடம் எழுந்தது, பொறிகள் வந்தன, கொரோனா காலத்தில் அங்கிருந்து ஒரு குப்பியும் வெளிவரவில்லை. 2021 மே 25-இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவ்வளாகத்தை நேரில் பார்வையிட்டார். அதனை மாநில அரசுக்குக் குத்தகைக்கு அளிக்குமாறு பிரதமருக்கு எழுதினார். அது நிறைவேறவில்லை. புனேயிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வரும் பெட்டிகளுக்காக மாவட்ட மருந்துக் கிடங்குகள் நாள்தோறும் காத்திருந்தன.

செங்கல்பட்டு என்னும் பெயர் தடுப்பூசி வரலாற்றில் இதற்கு முன்பே இடம்பெற்றது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளுள் ஒன்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டினர். யார் உண்மை மருந்து பெற்றனர், யார் மருந்தற்ற நீரைப் பெற்றனர் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற, எவரும் எதிர்பாராத முடிவை உலகம் அவர்கள் உடல்களிலிருந்தே அறிந்தது. அம்மாவட்டத்து மக்களைத் தயக்கம் மிகுந்தோர் என்று வகைப்படுத்துமுன் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முகாம்கள்

ஜூன் 7-இல் பிரதமர் கொள்கை மாற்றத்தை அறிவித்தார். ஜூன் 21 முதல் 75 விழுக்காட்டு மருந்தை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு விலையின்றி அளிக்கலாயிற்று. வரத்து சீரடைந்தது. இதனிடையே செவிலியர் வேறொரு திறனையும் பெற்றிருந்தனர்: குப்பியில் சற்று மிகுதியாக நிரப்பப்பட்டிருக்கும் மருந்தை வீணாக்காமல் உறிஞ்சிப் பதினோராவது ஆளுக்கும் செலுத்தினர். மே 1 முதல் ஜூலை 13 வரை தமிழ்நாட்டில் இவ்வாறு கூடுதலாகக் கிடைத்தவை 5.88 லட்சம் தவணைகள் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏப்ரலில் 12.10 விழுக்காட்டை வீணாக்கிய அதே மாநிலம் இது. செவிலியர் அவர்களே, குப்பியும் அதுவே. ஏப்ரலில் வரிசை இல்லை, ஜூனில் இருந்தது. வீணாதலுக்குச் செவிலியரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறியவர்கள் இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் அளித்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் முதல் சிறப்பு முகாம் நடைபெற்றது. 20 லட்சம் பேர் என்பது இலக்கு, போட்டுக்கொண்டோர் 28.91 லட்சம். முன்பதிவு தேவையில்லை, பள்ளி, அங்கன்வாடி, பேருந்து நிலையம் என்று மக்கள் புழங்கும் இடங்களுக்கே மருந்துப் பெட்டி சென்றது. பத்துப் பேர் சேரும் வரை குப்பி காத்திருந்தது; மக்கள் காத்திருக்கவில்லை. ஆறுதல் என்று பலரும் உணர்ந்தது மருந்தை மட்டுமன்று, இம்மாற்றத்தையும்தான். மே மாதம் மூன்று நாள் அலைந்து முதல் தவணை பெற்றவர், செப்டம்பரில் கடைக்குச் செல்லும் வழியில் இரண்டாம் தவணையைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார்.

தயக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. அதன் உருவம் மாறியது. ஊசி போட்டுக்கொண்டால் இறைச்சி உண்ணக் கூடாது, மது அருந்தக் கூடாது என்ற எண்ணம் பரவியிருந்தமையால் ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குச் சிலர் வரவில்லை என்பதை மக்கள் நல்வாழ்வுத் துறை அறிந்தது. அத்தகைய தடை எதுவும் இல்லை என்று துண்டறிக்கை அச்சிட்டுக்கொண்டிருக்கலாம். அச்சிட்டிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பர் என்பது ஐயமே. துறை வேறொன்று செய்தது. அமைச்சர் மா. சுப்பிரமணியன் இக்காரணத்தை வெளிப்படையாகவே கூறி முகாமை மாற்றினார். அக்டோபர் 23-இல் நடைபெற்ற ஆறாவது முகாம் சனிக்கிழமைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைகளில் வழக்கம்போல் கூட்டம் இருந்தது.